பதினோராம் கட்டிலும் சீன எழுத்தும்

ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள், கொஞ்ச நாள் பழகியதும் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சிஸ்டர், உங்களுக்குச் சீனம் எழுதத் தெரியுமாமே, மெய்யாவா?" தெரியும் என்று சொன்னால் அது பெரிய பொய். தெரியாது என்றால் அதுவும் பொய்தான். சீனப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு ஒரு காலத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதிலும் பாதி மறந்துவிட்டது. ஆனால் அந்த அரைகுறைப் படிப்பு ஒரு நாள் பெரிய வேலை செய்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். படித்துக்கொள்ளுங்கள். இனிமேல் டீ நேரத்தில் என்னைப் பிடுங்கி எடுக்காதீர்கள்.

பினாங்குத் தீவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்பதற்கு மேல் இடத்தைப் பற்றிச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

1. ‘ப’ எழுதி மூடி போட்டேன்

எனக்குக் கல்யாணமும் தாமதம், பிள்ளையும் தாமதம். மகள் ரேச்சலைப் பள்ளியில் சேர்த்தபோது நான் ஐசியூவில் சீனியராகிவிட்டேன். வீடு சிம்பாங் அம்பாட்டில். தினமும் பாலம் தாண்டித் தீவுக்கு வேலைக்கு வருவேன். என் கணவர் அந்தோணி புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள் எல்லாம் மேன்டரின் பேசத் தெரிந்ததால் தனக்கே மேலதிகாரி ஆகிவிட்டார்கள் என்பது அவருடைய தீராத குறை.

"நாம பட்டது போதும் பிலோ. பாப்பாவாவது படிக்கட்டும் லா," என்றார்.

சீனப்பள்ளியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், "ஏன் பிலோமினா, தமிழ்ப்பள்ளிய இழுத்து மூடிட்டாங்களா?" என்று கேட்க ஆள் தயாராக நிற்கும். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். தமிழை நானே வீட்டில் சொல்லித் தருவேன் என்று வீம்பாகப் பதில் சொல்லிவிட்டு வருவேன்.

ஆனால் வீட்டுக்குள் புகுந்தது சீனம். கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்று வரும். ஓர் எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதவேண்டும். பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இங்க பாரு, அம்மா எழுதிக் காட்டுறேன்," என்று நான் எழுதிக் காட்டுவேன். எழுதுவது என்ன, அச்சில் இருப்பதைப் பார்த்து வரைவதுதான். வாயைக் குறிக்க ஓர் எழுத்து உண்டு. பார்த்தால் வெறும் சதுரம். இதில் என்ன கஷ்டம் என்று, நம்முடைய ‘ப’வை எழுதி மேலே ஒரு மூடி போட்டேன். அச்சில் இருந்தது போலவே அழகாக வந்தது. பாப்பாவும் அப்படியே பழகிக்கொண்டாள்.

வகுப்பில் போர்டுக்கு முன்னால் நிறுத்தி எழுதச் சொன்னபோது மாட்டிக்கொண்டாள். அவளுடைய ஆசிரியை லிம், என்னை வரச் சொல்லி அனுப்பினார். அவர் பேசியது மலாயும் இங்கிலீஷும் கலந்து. நான் கேட்டுப் புரிந்துகொண்டபடி தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், வீட்டுல பாப்பாவுக்கு யாரு சொல்லித் தர்றது?"

"நான்தான் டீச்சர்."

"நிறுத்திடுங்க லா. ப்ளீஸ்."

எனக்குச் சுருக்கென்றது. "எழுத்து சரியாத்தானே இருக்கு? எங்க தப்புன்னு காட்டுங்க."

"எழுத்து சரி. கோடு போட்ட வரிசை தப்பு. மூணு கோடு இருக்கு. முதல்ல இடது பக்கம் கீழ இறங்கணும். அப்புறம் மேல ஒரு கோடு போய் அப்படியே வலது பக்கம் இறங்கணும். கடைசியாத்தான் அடிக்கோடு. உங்க பாப்பா அடியிலேருந்து சுத்திக்கிட்டு மேல வர்றா."

"எழுதி முடிச்ச பிறகு எந்தக் கோடு முன்னாடி, எந்தக் கோடு பின்னாடின்னு யாருக்குத் தெரியப்போகுது டீச்சர்?"

லிம் டீச்சர் என் கையை இழுத்து உள்ளங்கையை விரித்து, தன் ஆள்காட்டி விரலால் அதில் ஏதோ எழுதினார்.

"இது என் குடும்பப் பேரு. மை இல்ல, பேனா இல்ல. பேரு சொல்லும்போது நாங்க இப்படித்தான் கையில எழுதிக் காட்டுவோம். பஸ்ஸுல, பாசார் சந்தையில, எங்கயும். ஒரு கோடும் நிக்காது. விரல் போற வரிசைய வெச்சுத்தான் அடுத்தவங்க படிக்கணும். வரிசை மாறிப்போச்சுன்னா கையில கூச்சம்தான் மிஞ்சும்."

சனிக்கிழமைகளில் பள்ளி கேன்டீனில், சீனம் தெரியாத பெற்றோருக்கென்று அவர் ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் நானும் போய் உட்கார்ந்தேன். ஆர்வத்தால் போனேன் என்று நினைக்கவேண்டாம். நிறுத்தச் சொன்னார் அல்லவா, அந்த ரோஷத்தில் போனேன்.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோடு முதலில், குத்துக்கோடு பிறகு. சுற்றிலும் கட்டம் உள்ள எழுத்தென்றால் மூன்று பக்கச் சுவரை எழுப்பி, உள்ளே இருக்கவேண்டியவர்களை உட்காரவைத்து, கடைசியில்தான் கதவைச் சாத்தவேண்டும். என்னுடையது வளைத்து வளைத்து, எடுக்காமல் எழுதிப் பழகிய தமிழ்க் கை. ஒவ்வொரு கோட்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைப்பது எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள் வார்டில் டிரெஸ்ஸிங் டிராலிக்கு முன்னால் நிற்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையுறை எப்போது போடுவது, எந்தக் கிண்ணத்தை முதலில் தொடுவது, புண்ணை எங்கே ஆரம்பித்துத் துடைப்பது என்று ஜூனியர்களை நான் படுத்தாத பாடா? கட்டிய பிறகு பார்த்தால் எல்லாக் கட்டும் ஒரே கட்டுதான். அதற்குப் பிறகு லிம் டீச்சரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

2. பாஸ் ஓவர்

அதே ஆண்டின் கடைசியில் ஒரு நாள், மதிய ஷிப்டுக்கு வந்தேன். காலை ஷிப்ட் பார்த்த சியூ லிங், வேலையைக் கைமாற்றும் பாஸ் ஓவரில் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்து பதினோராம் கட்டில் முன்னால் நின்றாள்.

"மிஸ்டர் கோ. எழுபது தாண்டிருச்சு. நேத்து காலையில பாசார்ல மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ்ல வந்தாரு. நுரையீரல் பூரா கிருமி. மூச்சு விட முடியல, டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வெச்சாச்சு. நேத்து முழுக்க தூங்க வெக்கற செடேஷன். இன்னைக்குக் காலையில மருந்தக் குறைச்சோம், ஆட்டம் ஆரம்பிச்சிட்டாரு. டியூப்பப் பிடுங்கப் பார்த்தாரு சிஸ்டர். அதான் கையக் கட்டியிருக்கு. குடும்பம் யாரும் இல்ல."

"இல்லன்னா? செத்துட்டாங்களா, தெரியலையா?"

"தெரியல. அடையாளக் கார்டுல இருக்கற அட்ரஸுக்குப் போலீஸ் போய்ப் பார்த்துச்சு. அங்க இப்ப ஹோட்டல் நடக்குது. பழைய கடைவீட்டு அட்ரஸ், மாத்தவே இல்ல போல. கைப்பேசி மீன் கடைத் தண்ணியில விழுந்து வேலை செய்யல."

மனிதர் காதில் மெஷின் வைத்துக் கேட்பவராம். விழுந்ததில் அது எங்கேயோ போய்விட்டது. கண்ணாடி உடைந்து பையில் கிடந்தது. வாயில் டியூப். சியூ லிங் அவர் காதுக்குள் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் கத்திப் பார்த்திருக்கிறாள். அவர் மேலே கூரையைப் பார்த்தபடியே இருந்தாராம். கையை அவிழ்த்துப் பேனாவும் தாளும் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடாகக் கோழி கிளறியது போல இருந்தது.

"எனக்கு ஹொக்கியன் பேசத்தான் வரும் சிஸ்டர். நான் படிச்சது மலாய்ப்பள்ளி. ஆனா இதப் படிச்ச சீனனே வந்தாலும் படிக்க முடியாது லா," என்றாள். அவள் சொன்னது சரிதான். அது தாளில் படிக்கக்கூடியதாக இல்லை.

டாக்டர் யோ ரவுண்ட்ஸ் வந்தார். நல்ல டாக்டர், அவசரப்பட்டு எதையும் செய்யாதவர். நோயாளியின் விரல் விரிப்பின்மேல் நெளிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் சிஸ்டர். ஆட்டம் குறையலைன்னா செடேஷன் ஏத்திடலாம். டியூப்பப் பிடுங்கிட்டார்னா திரும்பப் போடறது கஷ்டம்," என்றார்.

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஐசியூவில் வயதானவர்கள் நினைவு குழம்பி விரிப்பைப் பிறாண்டுவதும், இல்லாத நூலை இழுப்பதும், காற்றில் எதையோ பிடிப்பதும் நாங்கள் தினம் பார்ப்பவை. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சார்ட்டில் ‘அமைதியின்றி இருக்கிறார்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நானும் அதற்குக் கீழே அதையே எழுதத்தான் இருந்தேன்.

3. திரும்பத் திரும்ப ஒரே ஆட்டம்

டிரிப் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, வலது கைக் கட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். விரல் உடனே வேலையை ஆரம்பித்தது. அதன்பாட்டுக்கு நெளியட்டும் என்று நான் பிளாஸ்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தட்டு. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இன்னொரு தட்டு. பிறகு பக்கவாட்டில் ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு சின்ன வெட்டு. அதற்குப் பின் கீழே தடபுடலென்று என்னென்னவோ. சின்ன நிறுத்தம். மறுபடி ஏதோ. மறுபடி நிறுத்தம். கடைசியில் இடது பக்கம் ஒரு சரிவு, வலது பக்கம் ஒரு சரிவு. விரல் ஓய்ந்தது. நான் பிளாஸ்டரை ஒட்டி முடித்தேன்.

அப்போது விரல் திரும்பவும் எழுந்தது. ஒரு தட்டு. இடது பக்கம் ஒரு தட்டு. பக்கவாட்டில் ஓர் இழுப்பு, கடைசியில் ஒரு வெட்டு.

எத்தனையோ வருஷமாகக் குழம்பிய கைகளைப் பார்த்தவள் நான். குழம்பிய கை ஒரு தடவை செய்ததை அதே வரிசையில் இன்னொரு தடவை செய்யாது. இந்தக் கை ஒன்றையே, ஒரு கோடு மாறாமல் திரும்பத் திரும்பச் செய்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் உள்ளங்கையை அவர் விரலுக்கும் விரிப்புக்கும் நடுவில் வைத்தேன். விரல் நின்றுவிட்டது. கண் திறந்து என் பக்கம் திரும்பினார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு நான் ஒரு வெள்ளை உடுப்பாகத்தான் தெரிந்திருப்பேன். ஆனால் கீழே இருப்பது ஒரு கை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை விரலை அழுத்தி, மெதுவாக, சின்னப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதினார்.

கூரைமேல் ஒரு புள்ளி, இடது பக்கம் ஒரு புள்ளி, அப்புறம் கூரை. கூரைக்குக் கீழே ஏழெட்டுக் கோடுகள். பாப்பாவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதிய எழுத்து. வீடு! கடைசி எழுத்து இன்னும் சுலபம்: இரண்டே சரிவுக் கோடு, ஒன்றாம் ஆண்டில் எல்லோரும் முதலில் படிப்பது. மனிதர். நடுவில் இருந்தது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. திரும்ப எழுதிக் காட்டினார், அப்போதும் புரியவில்லை.

"டாக்டர், கொஞ்சம் வாங்க! இவர் பிறாண்டல. எழுதுறார்."

டாக்டர் யோ வந்து என் கையையும் அவர் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன எழுதுறார்?"

"முதல்ல வீடு. கடைசியில மனுஷர். நடுவுல இருக்கறது எனக்குத் தெரியல."

"என் பேரையே எனக்குச் சீனத்துல எழுதத் தெரியாது சிஸ்டர். நீங்க படிச்சுச் சொல்றீங்க," என்று சிரித்தார். பிறகு, "வீடு, மனுஷங்க... வீட்டு ஆளுங்களப் பார்க்கணும்னு கேக்குறார் போல. பாவம். சோஷியல் வொர்க்கர் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க," என்றார்.

அப்படியும் இருக்கலாம். ஆனால் ஆளைப் பார்க்க ஏங்குகிற முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சோர்ந்துபோய் இருக்கும். இவர் முகத்தில் இருந்தது பதற்றம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவரின் பதற்றம்.

"செடேஷன் இப்ப வேணாம் டாக்டர். ஃபார்மசியில கூ இருக்கா. கடைசி வரைக்கும் சீனப்பள்ளியில படிச்சவ. அவள வரச் சொல்றேன்."

"உடனே கூப்பிடுங்க," என்றார் அவர்.

4. கூ கண்ணை மூடிக்கொண்டாள்

ஃபார்மசிஸ்ட் கூ, பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் பெண். மருந்துத் தட்டைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கையை அவர் விரலுக்குக் கீழே வைத்தாள். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்காமல் படிக்கப்போகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு சுற்று முடிந்தது. "அங்கிள் பழைய முறையில எழுதுறார் சிஸ்டர். நடு எழுத்த எங்களுக்குப் பள்ளியில படுக்கைக் கோட்டுல ஆரம்பிக்கச் சொல்லித் தந்தாங்க. இவர் சரிவுக் கோட்ட முதல்ல போடுறார். எங்க வீட்டுப் பெரியவங்களும் அப்படித்தான். அதான் உங்களுக்குப் பிடிபடல. அது வந்து... ‘இருக்கு’."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"வீட்டுல ஆள் இருக்கு. அதத்தான் சிஸ்டர் எழுதிக்கிட்டே இருக்கார். வீட்டுல ஆள் இருக்கு, வீட்டுல ஆள் இருக்கு..."

அவருடைய கையை விரித்து அவள் எழுதினாள், யார் என்று. அவர் விரல் பறந்தது. அவள் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். "மனைவி... மனைவிக்கு ஞாபகம் போயிருச்சு... தனியா வெளிய போயிடுவாங்க... வெளியேருந்து கிரில்லப் பூட்டிட்டு வந்தேன்... காலைல சாப்பாடு வாங்க..."

டாக்டர் யோ, "அட்ரஸ், அட்ரஸ் கேளு!" என்றார். அடுக்குமாடியின் பெயர், மாடி, கதவு எண், எல்லாம் அவள் உள்ளங்கையில் வந்தன. அவள் வாயால் சொல்ல, டாக்டர் தன் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு போனை நோக்கி ஓடினார்.

நான் மிஸ்டர் கோவின் பொருள்கள் இருந்த பையைத் திறந்து பார்த்தேன். உடைந்த கண்ணாடி, செத்த கைப்பேசி, கால்சட்டைப் பையில் ஒரு சாவி. நேற்றிலிருந்து அது எங்கள் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து ஒரு கிழவி, நினைவு இல்லாமல், கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில், பூட்டிய கிரில்லுக்குப் பின்னால். என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சாவியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நேரமில்லை. போலீசும் பொம்பாவும் நேரே போகிறார்கள், தீயணைப்புக்காரர்களே பூட்டை வெட்டிவிடுவார்கள் என்று டாக்டர் வந்து சொன்னார்.

கூ, ‘ஆள் போயிருக்கிறார்கள்’ என்று அவர் கையில் எழுதினாள். அவர் தலையை அசைத்தார். அதற்குப் பிறகு அவர் கை டியூப் பக்கம் போகவே இல்லை. கட்டை முழுதாக அவிழ்த்து எடுத்துவிட்டேன்.

5. மூன்று எழுத்து

ஷிப்ட் முடிந்து கூ கிளம்பிவிட்டாள். பார்வையாளர் நேரம் தொடங்கி, மற்ற கட்டில்களுக்கெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். பதினோராம் கட்டில்காரர் மட்டும் விரலை விரிப்பின்மேல் வைத்தபடி அசையாமல் கிடந்தார். மானிட்டரில் இதயத் துடிப்பு மட்டும் ஏறியே நின்றது. மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தேன்.

வார்டு போன் அடித்தது. பாய்ந்துபோய் எடுத்தேன். என் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் தமிழ் வந்தது.

"அக்கா, நான் கோப்ரல் சேகர் பேசுறேன். பொம்பளைய எடுத்தாச்சுக்கா. நல்லா இருக்காங்க."

"நல்லாருக்காங்கன்னா? நினைவோட இருக்காங்களா தம்பி? ஒழுங்கா சொல்லுங்க."

"நினைவா! எங்களப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறாங்கக்கா. பூட்ட வெட்டிட்டு பொம்பா ஆளுங்க ஷூவோட உள்ள போயிட்டாங்க. வீட்டக் கழுவி வெச்சிருக்கேன், எவன்டா நீங்கன்னு தொடப்பத்த எடுத்துட்டாங்க. சீனத்துலதான் திட்டுனாங்க, ஆனா நல்லா புரிஞ்சுச்சு லா."

"சாப்பிட்டாங்களா?"

"சாமி மேடையில படைச்சிருந்த ஆரஞ்சு பூரா காலி. தோலு மட்டும் கிடக்கு. கொஞ்சம் தண்ணி வத்திப்போய் இருக்காங்க, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்ல உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்க. தொடப்பத்தக் கையிலேருந்து வாங்க முடியல, அதோடயே வர்றாங்கக்கா."

போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் யோசனை வந்தது. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? காது கேட்காது. தாளில் எழுதினால் கண் தெரியாது. கூ பாலத்தில் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுகிற செய்தியா இது?

அவருடைய கையை எடுத்து விரித்தேன். முதலில் வீடு, கூரைப் புள்ளியிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காக வந்தது. பிறகு மனிதர். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வென்டிலேட்டர் முணுமுணுத்தது. அடுத்து ‘நலம்’ எழுதவேண்டும். அது ஒரு பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் எழுத்து. அவசரத்தில் பெண்ணுக்குப் படுக்கைக் கோட்டை முதலில் போட்டுவிட்டேன். அவர் புருவம் சுருங்கியது. புரியவில்லை. தலையை ஆட்டினார். கண்ணில் பயம் வந்துவிட்டது. நான் வேறு ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

சிலேட்டை அழிப்பது போல அவர் உள்ளங்கையைத் துடைத்தேன். அங்கே அழிக்க என்ன இருந்தது? ஆனாலும் துடைத்தேன். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். சரிந்து இறங்கி மடங்கும் கோடு. அதை வெட்டி இறங்கும் கோடு. அப்புறம்தான் படுக்கைக் கோடு. பிறகு பிள்ளை.

கடைசிக் கோடு முடிவதற்குள் அவர் கை மூடி என் விரலைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு நோயிலும் அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருந்தது. கண்ணோரம் நீர் வழிந்து தலையணை நனைந்தது. அழுததில் மூச்சு தடுமாறி வென்டிலேட்டர் அலாரம் கத்தியது, ஜூனியர்கள் ஓடிவந்தார்கள். "ஒண்ணுமில்ல, போங்க. அழட்டும்," என்று விரட்டினேன். நானும் அவரோடு சேர்ந்து அழுதுகொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் இதயத் துடிப்பு இறங்கி, மருந்து எதுவும் இல்லாமல் தூங்கிப்போனார்.

6. உங்களுக்குச் சொல்வது

பிள்ளைகளே, உங்களைச் சீனம் படிக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சார்ட்டில் ‘அமைதியின்றி இருக்கிறார்’ என்று எழுதுவதற்கு முன், அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒரு சுற்று முழுதாகப் பாருங்கள். இன்னொரு சுற்று வருகிறதா என்று காத்திருங்கள். அதே வரிசையில் வந்தால் உங்கள் கையைக் கீழே வையுங்கள். மிஸ்டர் கோவுக்குப் பிறகு ஒரு நாள், ஒரு மலாய்க்கார அம்மாவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓயாமல் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். குழப்பம் என்று எழுதியிருந்தார்கள். அவர் படுத்தபடியே ஜெபம் எண்ணிக்கொண்டிருந்தார். கையைக் கட்டத்தான் வேண்டுமென்றால் கட்டுங்கள், உயிர் முக்கியம். ஆனால் கட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

மறுநாள் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கீழ் வார்டில் சேர்த்திருந்த மிஸஸ் கோவைச் சக்கர நாற்காலியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு வந்தேன். சின்ன உருவம். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கட்டிலில் கிடக்கும் கணவரைப் பார்த்ததும் ஹொக்கியனில் படபடவென்று பொரிந்தார். சியூ லிங் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிட்டு வர்றேன்னு சொன்ன மீ நூடுல்ஸ் எங்கேன்னு கேக்குறாங்க சிஸ்டர்."

மிஸ்டர் கோவின் தோள் குலுங்கியது. டியூப் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. கையை நீட்டினார். அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, தன் உள்ளங்கையை விரித்துக் கொடுத்தார். நேற்று நடந்ததை மறந்துபோன அந்த மனுஷிக்கு, அந்த விரலுக்குக் கையை எப்படி விரிக்கவேண்டும் என்பது மறக்கவில்லை. அவர் மெதுவாக எழுத ஆரம்பித்தார். முதல் எழுத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எழுத்துதான். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் முழுவதையும் படித்திருப்பேன். நான் திரும்பிக்கொண்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டேன்.